காந்தத்தைப் பாதி படித்தவன்

இராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த இடத்தில் பேண்டேஜ் துணி நெய்தோம். எங்கோ ஓர் ஊரில் யாருக்கோ கால் முறிந்தால், அந்தக் கட்டில் எங்கள் நூல் இருக்க வாய்ப்புண்டு. எங்கள் ஆட்களுக்குக் கை கிழிந்தால் மட்டும் வேட்டி நுனியைக் கிழித்துத்தான் கட்டிக்கொள்வார்கள். காஸ் என்கிற அந்தக் கட்டுத்துணி வேண்டுமென்றால் ஸ்டோரில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து வாங்க வேண்டியவன் நான். நான் டீக்கடையில் இருப்பேன்.

ஸ்டோர் கிளார்க் என்பது என் உத்தியோகம். அதோடு இன்னொரு பதவியும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. தொழிற்சாலை ஆய்வாளர் வரும்போது சுவரில் 'முதலுதவிப் பொறுப்பாளர்' என்று ஒரு பெயர் எழுதியிருக்க வேண்டும். யார் பெயரை எழுதுவது என்று மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் புத்தகமும் கையுமாக இருந்தவன் நான் ஒருவன்தான். "ஏமய்யா, நீதான் எந்நேரமும் எதையாவது படிச்சிக்கிட்டிருக்கியே, உம் பேரப் போட்டுருவோம்" என்றார். அப்போது நான் படித்துக்கொண்டிருந்தது ஒரு துப்பறியும் நாவல். மறுநாளிலிருந்து எல்லோருக்கும் நான் டாக்டர்.

இருபது வருஷமாக இந்தக் கதையை இப்படித்தான் சொல்லி வருகிறேன். கல்யாண வீட்டில், ரயிலில், உறவினர் கூடும் இடங்களில். சிரிக்கிற இடத்தில் தொடங்கி, சிரிக்கிற இடத்திலேயே நிறுத்திவிடுவேன். நன்றாகவே எடுபடும். நிறுத்திய இடத்துக்கு அப்பால் ஒரு மனிதரின் வலது கண் இருக்கிறது. அது பார்வையை இழந்ததில் என் பங்கு எவ்வளவு என்பது எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. தெரிந்த வரைக்கும் இங்கே எழுதுகிறேன்.

அவர் எங்கள் ஃபிட்டர். தளவாய்புரத்திலிருந்து சைக்கிளில் வருவார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். எங்கள் பக்கம் அபூர்வமான பூனைக்கண் அவருக்கு. வெயிலில் நின்றால் தேன் நிறமாகத் தெரியும். தறியின் ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்க, அதன் ஒரு முனையில் குனிந்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் மறுமுனை வரை ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான். பிறகு எந்த இடத்தில் அடிக்க வேண்டுமோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. அளவுகோல் வைத்துப் பார்த்தவர்கள் பிறகு வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

கண்ணில் தூசி விழுவது அங்கே அன்றாடக் காரியம். ஒருபக்கம் பஞ்சு, இன்னொருபக்கம் கிரைண்டிங் மெஷினின் பொறி. வைத்திய முறைகளும் இருந்தன. துண்டின் நுனியை எச்சிலில் நனைத்துத் திரித்து ஓட்டுவது ஒன்று. நாக்கால் துழாவி எடுப்பது ஒன்று. அதற்கென்றே பேர்பெற்ற ஒரு தறிக்காரர் இருந்தார், புகையிலை போடுபவர், ஆகவே அவரிடம் போனவர்கள் மறுமுறை போனதில்லை. நூல் சுற்றும் பகுதியில் கைக்குழந்தைக்காரி யாராவது இருந்தால் டிபன் மூடியில் இரண்டு சொட்டுத் தாய்ப்பால் கேட்டனுப்புவார்கள். "யாரு கண்ணுக்காம்? அவனுக்கா? நேத்து என்னயப் பாத்து எதுக்குச் சிரிச்சானாம்? அந்தக் கண்ணு கரிக்கட்டும், அம்புட்டுதான்" என்று பதில் வரும். ஆனாலும் மூடி காலியாகத் திரும்பாது.

கண்ணுக்கு மாட்டும் பாதுகாப்புக் கண்ணாடிகள் நான்கு இருந்தன. பிளாஸ்டிக் உறையோடு ஸ்டோர் அலமாரியில் வைத்திருந்தேன். ஆய்வாளர் வரும் நாளில் வெளியே எடுத்து ஆட்களுக்கு மாட்டிவிட்டு, அவருடைய ஜீப் தெருமுனை திரும்பியதும் துடைத்து உறையிலேயே போட்டுவிடுவேன். வேலைக்குக் கொடுத்தால் கீறல் விழும், கீறல் விழுந்தால் அடுத்த ஆய்வுக்கு எதைக் காட்டுவது? அன்று இது எனக்கு முழு நியாயமாகப் பட்டது. என்னைத் திறமையான ஸ்டோர் கிளார்க் என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார்.

என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் பஸ்ஸில் போய்வருவேன். அங்கே நூலகத்தில் ஒரு நாள், அட்டை கழன்ற ஓர் ஆங்கிலப் புத்தகம் கையில் மாட்டியது. கண் மருத்துவம் வளர்ந்த வரலாறு. தொழிற்சாலையில் என்னை டாக்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்த சமயம். எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தப் புத்தகம் என்னைப் பிடித்துக்கொண்டது உண்மை. கொல்லர்களும், கல் கொத்துபவர்களும், ரயில் பட்டறைக்காரர்களும் வரிசையாகக் கண்ணை இழந்த காலத்தைப் பற்றி அதில் இருந்தது. கண்ணுக்குள் இரும்புச் சில்லு, நாங்கள் சொல்லும் சிம்பு, போனால் ஊசியால் துழாவுவார்கள்; மரத்துப்போக மருந்து கிடையாது, நான்கு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள். ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் அறுவை மருத்துவர் அப்படி ஒரு சிம்பை எடுக்கப் பல வழியில் முயன்று தோற்று நின்றபோது, அவருடைய மனைவிதான் காந்தக் கல்லைக் கொண்டுவந்து இழுத்துப் பார்க்கலாம் என்றாராம். வந்துவிட்டது. பிறகு மின்சாரம் வந்தது, பென்சில் அளவில் கைக்காந்தங்கள் வந்தன. அதற்கும் பிறகு பீப்பாய் அளவுக்கு ஒரு ராட்சதக் காந்தம். அதன் முன்னால் நோயாளியை உட்காரவைத்து, முகத்தைக் கொண்டுபோகச் சொல்வார்கள். இதற்கிடையில் கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தும் கண்டுபிடித்துவிட்டார்கள். அமுக்கிப் பிடித்த நான்கு பேருக்கும் வேலை போயிற்று.

இதையெல்லாம் டீ நேரத்தில் நான் எடுத்துவிடுவேன். ஃபிட்டர் அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார்.

"அப்ப அந்தம்மாவுக்கு யாரு சொல்லிக் குடுத்தா, காந்தம் வைக்கணும்னு?"

"யாரும் சொல்லல அண்ணாச்சி, அவங்களாத் தோணியிருக்கு."

"அதான பாத்தேன். வீட்டுக்காரரு செத்த நேரம் சும்மா இருந்திருப்பாரு. அந்த நேரத்துல வேல நடந்திருக்கு."

நான் ஒரு பழக்கம் உள்ளவன். எந்தப் புத்தகத்தையும் முதல் பாதி படிப்பேன். பாதி தாண்டியதும், எழுதியவரைவிட எனக்கே விஷயம் நன்றாகத் தெரியும் என்று ஓர் எண்ணம் வந்துவிடும். ராட்சதக் காந்தம் வந்த அத்தியாயத்தின் நடுவில் திருப்பிக் கொடுக்கும் நாளும் வந்தது. கொடுத்துவிட்டேன்.

அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்திருந்தேன். கெட்டுப்போன ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றி, அதன் நடுவில் ஓர் ஆணியை நிறுத்தி, ஆணி நுனியை மழுங்கத் தேய்த்து வைத்துக்கொண்டேன். முதலில் மாட்டியவர் கிரைண்டிங்கில் நின்ற ஒருவர். கருவிழியின் மேலேயே ஒட்டியிருந்த பொறித் துணுக்கு, ஆணியைக் கிட்டே கொண்டுபோனதும் 'டிக்' என்று தாவி வந்து ஒட்டிக்கொண்டது. அதைப் போல இன்னும் மூன்று பேர். புகையிலைக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். நான் சட்டைப்பையில் காந்தத்தோடு நடமாடினேன். காந்தத்தால் என் கைக்கடிகாரம் நின்றுவிட்டது. அதற்காகப் பெருமைப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். ஒரு தறியின் ஷாஃப்டில் சக்கரத்தைப் பூட்டும் இரும்புச் சாவி இறுகிப்போய், அண்ணாச்சி உளி வைத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். பழைய உளி. அடிபட்டு அடிபட்டு அதன் தலை காளான் மாதிரி விரிந்து, ஓரம் பிசிறு பிசிறாக நிற்கும். சுத்தியல் சத்தம் நின்றது. அண்ணாச்சி வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். வலியால் துடிக்கவில்லை. லேசாக வெட்கப்பட்ட மாதிரி இருந்தார்.

"டாக்டரு, என்னமோ தெறிச்சிருச்சிப்பா. பெருசா ஒண்ணுமில்ல. உறுத்துது."

அவரைப் பட்டறையில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் மேஜைக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் உட்காரவைத்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். இமையை விரித்துப் பார்த்தேன். கருவிழி ஓரத்தில் மிகச் சின்னதாக ஒரு சிவப்புக் கோடு. மேலே ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. காந்தத்தை எடுத்து, வேலை செய்கிறதா என்று இரும்பை ராவி மேஜையில் உதிர்ந்த அரத்தூளின் மேல் ஒருமுறை காட்டினேன். மீசை மாதிரித் தூள் எழுந்து நின்றது. கூட்டத்தில் ஒருவர், "அடேயப்பா!" என்றார். வேட்டியில் துடைத்துவிட்டு, ஆணி நுனியை அண்ணாச்சியின் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

"மாதாவே!"

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஷாஃப்டை நிமிர்த்துகிற கை. ஐந்து விரலும் பதிந்தன. "உள்ள என்னமோ இழுக்குதுலே" என்றார்.

"பயந்துக்கிடாதீங்க அண்ணாச்சி. ஒண்ணும் ஆகாது."

"பயமில்லலே. இழுக்குது."

இரண்டாவது தடவை காட்டினேன். அப்போதும் அதே அலறல். காந்தத்தை வெளியே எடுத்து, வெள்ளைக் காஸ் துணியில் ஆணி நுனியைத் தட்டினேன். ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. எள்ளில் பாதி.

"இந்தா, வந்திருச்சி!" என்றேன்.

கை தட்டினார்கள். அண்ணாச்சி துணியை வாங்கி, இடது கண்ணால் அந்தப் புள்ளியைப் பார்த்தார். "இம்புட்டுத்தானா? இதுக்கா இப்படிக் கத்துனேன்?" என்று கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தார்.

அந்தப் புள்ளி அரத்தூளாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று இருபது வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பட்டறையில் இருக்கும் காந்தம் ஒருநாளும் சுத்தமாக இருக்காது. வேட்டியில் துடைத்தாலெல்லாம் போகாது. அது எனக்குத் தெரியும். அந்தத் துணியைத் தட்டிய நொடியில், ஓர் ஓரத்தில், தெரிந்தே இருந்தது. ஆனால் கைதட்டல் வந்துவிட்டது.

மறுநாள் கண் சிவப்புக் குறைந்தது. ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அண்ணாச்சி என்னை எல்லோரிடமும் காட்டிக் காட்டிப் பேசினார். மதினி, அதாவது அவர் மனைவி, கிறிஸ்துமஸ் பலகாரத்தை முதலில் எனக்குத்தான் கொடுத்தனுப்பினார்.

நான்கைந்து மாதம் போயிற்று. ஒருநாள் அண்ணாச்சி சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார். கேட்டதற்கு, "சாயந்தரம் மசங்குற நேரம் ரோடு சரியாத் தெரியமாட்டேங்குதுப்பா" என்றார். வயசாகுது என்று நானே அவருக்குச் சமாதானம் சொன்னேன். அவருக்கு அப்போது நாற்பது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு அவரும் வந்திருந்தார். திரும்பும்போது இருட்டிவிடுமே என்று அவரைக் கொண்டுவிட நானும் பஸ் ஏறினேன்; அவர் ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். சாய்ந்த வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. இடது கண் எப்போதும் போலத் தேன் நிறம். வலது கண் வேறு நிறத்தில் இருந்தது. ஆறிப்போன டீயின் மேல் படியும் ஏட்டைப் போல, மழையில் கிடந்த தகரத்தைப் போல ஒரு நிறம். நடுவில் கண்பாப்பா அகலமாக விரிந்து, அவ்வளவு வெயிலுக்கும் சுருங்காமல் அப்படியே நின்றது. அண்ணாச்சி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் நூலகம் திறக்கும் வரை வாசலில் நின்றேன். அட்டை கழன்ற அந்தப் புத்தகம் வைத்த இடத்திலேயே இருந்தது. எனக்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. தேதிச் சீட்டில் கடைசி முத்திரை என்னுடையதுதான். நான் நிறுத்திய பக்கத்துக்கு மறுபக்கம் திருப்பினேன்.

அதிகம் போக வேண்டியிருக்கவில்லை. காந்தம் கிட்டே வரும்போது நோயாளி வலியில் கத்தினால், சிம்பு கண்ணின் உள்ளே இருக்கிறது என்று பொருள். அந்தக் காலத்து மருத்துவர்கள் அதையே ஒரு சோதனையாக வைத்திருந்தார்களாம். கத்தியதும் நிறுத்திவிட்டு, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, எந்த வழியாக இழுப்பது என்று யோசிப்பார்களாம். கண்டபடி இழுத்தால் உள்ளே கிழிந்துவிடும். அடுத்த பத்தியில் இருந்தது, எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று. இரும்பு கண்ணுக்குள் துருப்பிடிக்கும். துரு மெல்ல மெல்லக் கரைந்து கண் முழுவதும் பரவும். கருவிழி நிறம் மாறும். மாலை வெளிச்சத்தில் பார்வை முதலில் குறையும். பிறகு முழுவதும்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தேன். அன்று திங்கட்கிழமை. அவரிடம் மதுரைக்குப் போங்கள் என்று நான் சொன்னது அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. நடுவில் பதினோரு நாள்.

ஏன் பதினோரு நாள்? சொல்லியே ஆக வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். எப்படிச் சொல்வது என்பதில்தான் நாள் போயிற்று. 'உள்ளே இருக்கிறது' என்றால், 'அப்ப அன்னைக்கு நீ காட்டினது எது?' என்று கேட்பார். கேட்காவிட்டாலும் கூட்டத்தில் கைதட்டியவர்களில் ஒருவர் கேட்பார். ஐந்தாம் நாள் கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு தளவாய்புரத்துக்கே போனேன். மதினி டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்து, "என்ன தம்பி, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு? வீட்ல சண்டையா?" என்றார். ஆமாம் என்றேன். சண்டைக்கு அவர் சொன்ன புத்திமதியை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு வந்தேன். அந்த ஒரு மணி நேரமும் அண்ணாச்சி எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் பட்டறையில் அவர் சுத்தியலை ஓங்கினார். குறி தப்பிக் கட்டைவிரலில் விழுந்தது. இருபது வருஷ சர்வீஸில் முதல் தடவை. விரலை உதறிக்கொண்டு ஒரு மாதிரி அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"அண்ணாச்சி, மதுரைக்குப் போய்க் கண்ணக் காட்டிருவோம்."

"எதுக்குலே?"

"ஒரு புத்தகத்துல பாத்தேன். அன்னைக்கு நாம ஒண்ணு எடுத்தோம்லா? இன்னொண்ணும் உள்ள போயிருந்திருக்கலாம்."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தபோது வந்தது இது. 'இன்னொண்ணு.' அந்த ஒரு சொல்லில் அரத்தூள் அசல் சிம்பு ஆயிற்று, என் காந்தத்துக்குப் பழுதில்லை, நானும் தப்பித்தேன்.

மதுரைக்கு நானும் கூடப் போனேன். படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே ஒரு துண்டு. அறுவை செய்து எடுத்த மருத்துவரும் காந்தம்தான் வைத்தார். ஊசி மாதிரி மெல்லிய காந்தத்தை உள்ளே செலுத்தி, மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்து எடுத்தார். துண்டைச் சின்னக் குப்பியில் போட்டு எனக்குக் காட்டினார். அரைக் கடுகு. கறுப்பாகக்கூட இல்லை, பழுப்பு. தனியாக நின்றபோது அவரிடம் கேட்டேன், பத்துப் பதினைந்து நாள் முன்னால் வந்திருந்தால் பார்வை நின்றிருக்குமா என்று.

"சொல்ல முடியாதுங்க. மாசக்கணக்கா இருந்திருக்கு. நின்னிருக்கலாம், நிக்காமலும் போயிருக்கலாம்" என்றார். தெளிவாகத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பார்வை வரவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்தது, அதுவும் இரண்டு வருஷத்தில் போயிற்று. ஷாஃப்ட் பார்க்க இடது கண்ணுக்கு மாறிப் பழகிக்கொண்டார். அளவுகோல் வைத்துப் பார்க்கிறவர்கள் மறுபடி வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள், அவருக்குத் தெரியாமல். பார்ப்பவர்களிடமெல்லாம் அவர் சொன்ன கதை இது: "ரெண்டு சிம்பு போயிருச்சி. ஒண்ண நம்ம டாக்டரு அந்தால எடுத்துட்டாரு. இன்னொண்ணு ஒளிஞ்சிக்கிருச்சி. இவரு மட்டும் படிச்சிச் சொல்லலன்னா என் கதி என்னாயிருக்கும்?"

இப்படி நன்றியை வாங்கிக்கொண்டே இருபது வருஷம். சிரித்துக்கொண்டே வாங்கினேன். வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பிள்ளைகள் ஒட்டிய பழ வடிவக் காந்தங்களையெல்லாம் ஒருநாள் பிடுங்கி எறிந்தேன். மனைவி ஏன் என்று கேட்டார். அசிங்கமாக இருக்கிறது என்றேன். அந்தக் கதவு மூடும்போது உள்ளிருக்கும் காந்தம் ஒட்டும் சத்தத்துக்கு மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை. மழைக்காலத்தில் மாடிக் கம்பியிலிருந்து சுவரில் இறங்கும் பழுப்புக் கோட்டை வருஷா வருஷம் நானே ஏறி வெள்ளையடிப்பேன். அடுத்த மழையில் அதே இடத்தில் இறங்கியிருக்கும். சிலசமயம் அண்ணாச்சியோடு எதிரெதிரே நின்று பேசிக்கொண்டிருப்பேன். அந்த வலது கண் என்மேல் நிற்கும். பார்வையில்லாத கண் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பேச்சு குழறிவிடும்.

போன வருஷம் அவருடைய இடது கண்ணில் புரை விழுந்தது. மிச்சமிருந்த ஒரே கண். பயந்து பயந்து ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருந்தார். மதினி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. மகளைக் கட்டிக்கொடுத்த இடம் வத்திராயிருப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கண் மருத்துவமனையில் காட்டலாம் என்று முடிவானதும் எனக்குத்தான் போன் செய்தார். "டாக்டரு, நீ இருந்தா எனக்குத் தெம்பு" என்றார்.

அங்கே ஒரு நர்ஸ், என் மகள் வயது இருக்கும், படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ரைட் கண்ணு எப்படிப் போச்சு தாத்தா?"

அண்ணாச்சி ரெண்டு சிம்புக் கதையை முழுசாகச் சொன்னார். காந்தம் வந்த இடத்தில் என் தோளைத் தட்டினார். நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஆப்பரேஷனுக்குப் பின் செய்ய வேண்டியதைச் சொன்னாள்: ஒரு மாதம் சொட்டு மருந்து, நேரம் தவறக்கூடாது, கை சுத்தமாக இருக்க வேண்டும், வலித்தாலோ மங்கினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கூட்டிவர வேண்டும். "ஒரே கண்ணு தாத்தா. ரொம்பக் கவனமா இருக்கணும். யாரு கூட இருந்து பாத்துப்பாங்க?"

"இவருதான்" என்றார் அண்ணாச்சி. "இவரு வீட்லயே ஒரு மாசம் இருந்துக்கிடுதேன்னு சொல்லிட்டேன். கண்ணு விசயத்துல இவரத் தவிர வேற யாரையும் நம்பமாட்டேன், சிஸ்டர்."

நர்ஸ் படிவத்தில் என் பெயரை எழுதப் பேனாவை வைத்தாள்.

"எழுதாதீங்க" என்றேன்.

இரண்டு பேரும் பார்த்தார்கள். சொன்னேன். அன்று விழுந்தது அரத்தூள் என்று. உள்ளே போனது ஒரே துண்டுதான் என்று. அவர் கத்தியது எதனால் என்று நூலகத்தில் படித்ததை. அதற்குப் பிறகு பதினோரு நாள் வாய் திறக்காமல் இருந்ததை. தளவாய்புரத்துக்கு வந்து, தண்ணீர் குடித்து, புத்திமதி கேட்டுவிட்டுப் போனதை. நடுவில் நகைச்சுவையாக ஏதோ சொல்லப் பார்த்தேன்; பழக்கம். யாரும் சிரிக்கவில்லை.

கண்பாப்பா விரிய மருந்து ஊற்றியிருந்ததால் அண்ணாச்சிக்கு என் முகம் சரியாகத் தெரிந்திருக்காது. கையை மடியில் வைத்து, கட்டைவிரலை மற்ற கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு நாளா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"அரத்தூளு சரி. பயம். எனக்கும்தான் அன்னைக்கு வெக்கமா இருந்துச்சி, ஆளுக கூடி நிக்கையில. ஆனா பதினோரு நாளு..." நர்ஸ் பக்கம் திரும்பினார். "என் மக வருவாம்மா. அவ பேர எழுதிக்க. மருந்தெல்லாம் அவட்டயே சொல்லிக் குடு."

மகள் வத்திராயிருப்பிலிருந்து பஸ் பிடித்து வந்து சேரும்வரை நான் வெளியே நின்றேன். அவளிடம் அவர் எதையும் சொல்லவில்லை என்று அவள் என்னைக் கும்பிட்டதிலிருந்து தெரிந்தது. ஒரு மாதம் தினமும் அவளுக்குத்தான் போன் செய்வேன். "அப்பா நல்லா இருக்காங்க மாமா, கண்ணு நல்லாத் தெரியுது, பேப்பர் படிக்காங்க" என்பாள். அவரிடம் கொடு என்று நான் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

இப்போது மறுபடி வெளியே வருகிறார். இராஜபாளையத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை; காலை பத்து மணிக்கு வந்துவிடுவார். நானும் வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப் போகிறேன். வராதே என்று அவர் சொல்லவில்லை. டீ சொல்கிறார். சர்க்கரை கம்மி என்று எனக்காக அவரே சொல்கிறார். மில் சங்கதி, மகளின் மாமியார், மழை பெய்யாதது என்று எல்லாம் பேசுகிறோம்.

ஒற்றைக் கண் உள்ளவரோடு உட்காருகிறவர்கள் பார்வையுள்ள பக்கமாக உட்காருவதுதான் வழக்கம். இருபது வருஷமாக நானும் அவருக்கு இடப்பக்கம்தான் உட்கார்ந்தேன். ஆப்பரேஷனுக்குப் பிறகு நான் முதல் தடவை போன அன்று, அவர் பெஞ்சின் இடது கோடிக்கு நகர்ந்துகொண்டு, வலப்பக்கத்தைத் தட்டினார்.

"இந்தால உக்காரு. அந்தப் பக்கம் வெயிலு."

அந்தக் கடைக்குத் தகரக் கூரை உண்டு. பெஞ்சு முழுவதும் நிழல்தான். நான் அவர் தட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். அவர் பேசிக்கொண்டே ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் தலையை முழுவதும் திருப்ப வேண்டும். நான்கு மாதம் ஆகிறது. இன்னும் திருப்பவில்லை.